கத்தி சிவக்கும்வரை சேர்த்த மயில்துத்தம்

அனுப்புநர்:
அ. பரமானந்தம், வயது 54,
(காப்பித் தோட்டத்தில் மருந்துத் தெளிப்பு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர்)
மேட்டுத் தெரு, பெரும்பாறை,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு விசாரணை அலுவலர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை,
திண்டுக்கல்.

பொருள்: பால் மறந்த பன்றிக் குட்டிகள் பத்து இறந்தது – கால்நடை ஆய்வாளர் திரு. சுப்புராஜ் மீது நான் கொடுத்த புகார் பொய் – குட்டிகள் சாகக் காரணம் நானே – 10-9-1987 அன்று நடக்கவுள்ள விசாரணைக்கு முன் இதனைப் பரிசீலிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. 24-6-1987 தேதியிட்ட எனது புகார் மனு.
2. திரு. சுப்புராஜ் அவர்களின் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு. (எண் தெரியவில்லை. அவரிடம் கேட்டு எழுத எனக்கு முகமில்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் நேரத்தை வீணாக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்படி பத்துக் குட்டிகளும் திரு. சுப்புராஜ் கொடுத்த மருந்தால் சாகவில்லை. அந்த மருந்து போதாது என்று நானாகச் சேர்த்த மயில்துத்தத்தால் செத்தன. இது எனக்கு 15-6-1987 காலையிலேயே தெரியும். தெரிந்துதான் பார்வை 1-இல் கண்ட மனுவை எழுதினேன். அது நடந்த விதத்தையும், எண்பது நாள் நான் வாய் திறவாமல் இருந்த விதத்தையும் கீழே எழுதியிருக்கிறேன்.

2. நான் ஐந்தாம் பாரம் வரை படித்தவன். கையெழுத்து நன்றாக இருக்கும். ரேஷன் அட்டை, பட்டா, விதவைப் பென்ஷன் எதுவானாலும் இங்குள்ளவர்கள் மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். "பரமானந்தண்ணன் எழுதுனா ஆபீசரு எந்திரிச்சு நின்னு படிப்பாரு" என்று சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்கு வெல்லமாக இனிக்கும், மறைக்கவில்லை. பார்வை 1-இல் கண்ட புகாரையும் அப்படி ருசித்துத்தான் எழுதினேன். எழுதி முடித்ததும் இரண்டு முறை உரக்க வாசித்தேன். "வேலியே பயிரை மேய்ந்தாற்போல" என்ற இடம் வந்தபோது எனக்கே கண் கலங்கியது. பொய் எழுதுகிறவனுக்குக் கண் கலங்குமா என்று தாங்கள் கேட்கலாம். கலங்கும் ஐயா. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

3. சென்ற ஜூன் மாதம் 8-ஆம் தேதி அரசுத் திட்டத்தின் கீழ் எங்கள் ஊரில் மூன்று குடும்பங்களுக்கு ஆளுக்கு ஆறு வீதம் வெள்ளைப் பன்றிக் குட்டிகள் கொடுத்தார்கள். ஒன்று என் குடும்பம். இரண்டாவது புஷ்பமேரி. அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். கணவர் இறந்து நான்கு வருடமாகத் தோட்டத்தில் காப்பிப்பழம் பறித்துப் பிழைக்கிறவர். மூன்றாமவர் கீழ்த்தெரு திருமலைச்சாமி. குட்டிகள் எட்டு வாரத்துக் குட்டிகள். தாயிடமிருந்து பிரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கிறிஸ்துமஸ் நேரத்தில் கொடைக்கானல் ஓட்டல்காரர்கள் வந்து கொள்முதல் செய்வார்கள் என்று சொன்னதால் எல்லோருக்கும் நல்ல நம்பிக்கை இருந்தது. புஷ்பமேரி தன் ஆறுக்கும் பெயர் வைத்துவிட்டார். திங்கிற பிராணிக்குப் பெயர் எதற்கு என்று நான் கேலி செய்தேன்.

4. ஜூன் 10-ஆம் தேதி திரு. சுப்புராஜ் எங்கள் மூவரையும் ரேஷன் கடை முன்பு உட்கார வைத்து விளக்கம் சொன்னார். பால் மறந்த முதல் மாதம்தான் குட்டிகளுக்குக் கண்டம். வயிறு கழியும், தீவனம் ஒட்டாது, தேறாமல் நிற்கும். அதற்காகத் தீவனத்தில் கொஞ்சம் செம்புச் சத்து சேர்க்க வேண்டும் என்றார். பத்துக் கிலோ தீவனத்துக்குப் பத்தே கிராம் துத்தம். அதையும் நாங்கள் அளந்து தடுமாற வேண்டாம் என்று அவரே மருந்தகத்தில் நிறுத்து, பொடித்து, நைஸ் தவிட்டில் கலந்து, பத்துக் கிலோவுக்கு ஒன்று என்று பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு பொட்டலத்திலும் தன் கையால் தேதி எழுதி ஒட்டியிருந்தார். கிளம்பும்போது அவர் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் கிடக்கிறது: "இதுல ஒரு சிட்டிகை கூட வேணாம், ஒரு சிட்டிகை குறையவும் வேணாம். இது மருந்துமில்ல, சோறுமில்ல, ரெண்டுக்கும் நடுவுல உள்ள சாமான். பாத்துக்கிடுங்க." நாலைந்து நாளில் விட்டை கறுக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

5. இங்கே என் தொழிலைப் பற்றித் தாங்கள் கொஞ்சம் அறிய வேண்டியிருக்கிறது. காப்பிச் செடிக்கும் ஆரஞ்சு மரத்துக்கும் நோய் வராமல் துத்தக் கலவை அடிப்போம். மயில்துத்தம் ஒரு பீப்பாயில், சுண்ணாம்பு ஒரு பீப்பாயில் கரைத்து, இரண்டையும் மூன்றாவதில் சேர்ப்போம். துத்தம் மிஞ்சினால் இலை கருகிவிடும். அதை அறிய ஒரு வழி உண்டு. நன்றாகத் தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் கலவைக்குள் முக்கி எடுப்போம். கத்தியில் செம்பு ஏறிச் சிவந்தால் துத்தம் அதிகம். இன்னும் சுண்ணாம்பு விட வேண்டும். சிவக்காமல் வந்தால் அடிக்கலாம். இருபத்திரண்டு வருடம் அந்தக் கத்தி பிடித்தவன் நான். தோட்டத்து மானேஜரே வந்து "மேஸ்திரி, கத்தி என்ன சொல்லுது?" என்று என்னிடம் கேட்டுத்தான் ஆட்களை ஏவுவார்.

6. மூன்று நாள் பொட்டலம் போட்டும் குட்டிகளின் விட்டை கறுக்கவில்லை. நாலைந்து நாள் ஆகும் என்று அவர் சொன்னதை நான் மறந்தேன் என்று எழுதினால் அதுவும் பொய். மறக்கவில்லை, நம்பவில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் தவிடுதான் தெரிந்தது. நீல நிறமே இல்லை. துத்தத்தை வேறெங்கோ விற்றுவிட்டு வெறும் தவிட்டை நமக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் கத்தியை எடுத்தேன். பொட்டலம் கலந்து கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த தொட்டித் தீவனத்தில் கத்தியைச் செருகி ஒரு நிமிடம் எண்ணி எடுத்தேன். கத்தி வெள்ளையாகவே வந்தது. என் மனைவி ஜோசப்பினைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா, மருந்து கெடக்குதாம் மருந்து! யாரு கிட்ட?" என்றேன்.

7. ஐயா, ஒன்றைத் தாங்கள் கவனிக்க வேண்டும். என் தொழிலில் கத்தி சிவந்தால் ஆபத்து என்று அர்த்தம். சிவக்காவிட்டால்தான் நல்லது. செடிக்கு ஆகாது என்று இருபத்திரண்டு வருடம் கத்தி சொன்ன அதே அடையாளத்தைக் குட்டிக்கு வேண்டும் என்று நான் தேடினேன். நூறு லிட்டருக்கு ஒரு கிலோ துத்தம் கரைத்த கணக்கும் எனக்குத் தெரியும். பத்துக் கிலோவுக்குப் பத்துக் கிராம் என்பது அதற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருந்தால் போதும். தவிட்டிலும் கஞ்சியிலும் கலந்த அந்தக் கடுகளவு, கத்தியில் ஏறாது என்று புரிந்திருக்கும். யோசிக்கவில்லை. தெரியாதவன் கேட்டுச் செய்வான். எனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

8. வீட்டில் என் சொந்த ஆரஞ்சுக் கன்றுகளுக்கென்று மரப்பெட்டியில் துத்தம் வைத்திருந்தேன். அம்மியில் நுணுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனத்தில் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கத்தியை விட்டுப் பார்த்தேன். ஒரு பிடி போன பிறகு கத்தி செவசெவ என்று வந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். அதையும் ஜோசப்பினிடம் காட்டினேன். பிறகு தினம் தினம் இந்தச் சோலி எதற்கு என்று, மீதியிருந்த பொட்டலங்களை எல்லாம் பிரித்து ஒரு ஊறுகாய் ஜாடியில் கொட்டி, அதே விகிதத்தில் துத்தத்தையும் சேர்த்துக் கலந்து வைத்துக்கொண்டேன். துத்தத்தைத் தகர டப்பாவில் வைக்கக் கூடாது என்று தெரிந்து பீங்கான் ஜாடியாகப் பார்த்து எடுத்தேன். அந்த அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

9. குட்டிகள் முதலில் அந்தத் தீவனத்தைத் தொடவில்லை. முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. வாயில்லா ஜீவன் தனக்குத் தெரிந்த விதத்தில் வேண்டாம் என்று சொன்னது. நான் கருப்பட்டியைக் கரைத்து ஊற்றினேன். நால்வர் முந்தியடித்துக்கொண்டு தின்றன. (குட்டிகளை நால்வர் என்று எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.) சவலையாக இருந்த இரண்டு மட்டும் தொட்டியருகே வர முடியாமல் ஒதுங்கி நின்று, பலாக்கொட்டையும் சௌசௌத் தோலும் தின்றன. அந்த இரண்டும்தான் இன்று உயிரோடு இருக்கின்றன.

10. அதோடு நின்றிருந்தால் என் நஷ்டம் என்னோடு போயிருக்கும். அன்று மாலையே கத்தியையும் ஜாடியையும் எடுத்துக்கொண்டு புஷ்பமேரி வீட்டுக்குப் போனேன். அவர் கேட்கவில்லை; நானாகப் போனேன். அவர் தொட்டியிலும் கத்தியை விட்டுக் காட்டி, "உன்னைய ஏமாத்தியிருக்காங்க தாயி, நான் சரி பண்ணித் தாரேன்" என்று சொல்லி, என் ஜாடியிலிருந்து அவருக்கும் போட்டு, அடுத்த நாட்களுக்கும் ஒரு பங்கு கொட்டிக் கொடுத்தேன். கருப்பட்டி யோசனையும் நான்தான் கொடுத்தேன். அவர் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அவருடைய குட்டிகள் ஆறும் ஒன்றுபோல் திடமானவை. ஒன்றுகூட ஒதுங்கவில்லை. மறுநாள் கீழ்த்தெருவுக்கும் போனேன். திருமலைச்சாமி மட்டும், "அவரு சொன்னதத்தான் நான் செய்வேன், நீங்க சோலியப் பாருங்க" என்று சொல்லி என்னைத் தொட்டியருகே விடவில்லை. எனக்குக் கோபம் வந்தது. சர்க்கார் ஆளுக்கு ஜால்ரா போடுகிறவர் என்று ஊரில் சொல்லி வைத்தேன்.

11. ஜூன் 15, திங்கட்கிழமை. வெள்ளனே போய்ப் பார்த்தபோது குட்டிகள் வாந்தி எடுத்திருந்தன. அந்த வாந்தி பச்சையும் நீலமுமாக இருந்தது. அந்த நிறத்தை நான் என் உள்ளங்கையிலும் சட்டையிலும் நகக்கண்ணிலும் இருபத்திரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்போது ஓடிப்போய்ப் புஷ்பமேரியிடம் "போடாதே" என்று சொல்லியிருந்தால் அவருடைய குட்டிகளில் பாதியாவது பிழைத்திருக்கும். நான் வாந்தியின் மேல் சாம்பலைப் போட்டு மூடினேன். அன்று காலை அவர் வழக்கம்போலத் தீவனம் வைத்தார். வேலி ஓரத்தில் நின்று நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இதை விட்டால் இந்த மனுவும் பழைய மனு மாதிரிதான்.

12. 16-ஆம் தேதி முதல் 20-ஆம் தேதிக்குள் என் குட்டிகள் நான்கும் அவருடைய குட்டிகள் ஆறும் செத்தன. திரு. சுப்புராஜ் தகவல் அறிந்து 17-ஆம் தேதியே ஓடி வந்தார். இரண்டு நாள் எங்கள் ஊரிலேயே இருந்து, தன் மடியில் போட்டு ஒவ்வொரு குட்டிக்கும் மருந்து புகட்டினார். என்னிடம், "அண்ணே, வேற ஏதும் கலந்தீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, வெரசா மாத்து மருந்து குடுத்துரலாம்" என்று கேட்டார். இல்லை என்றேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். அப்போது என் குட்டிகளில் இரண்டும் புஷ்பமேரியுடையதில் மூன்றும் உயிரோடு இருந்தன.

13. பிறகு கால்நடை மருத்துவர் வந்து அறுத்துப் பார்த்து, ஜாடியில் இருந்த கலவையிலும் கொஞ்சம் எடுத்துப் போனார். "இது சுப்புராஜ் கொடுத்த பொட்டலங்களைப் பிரித்துக் கொட்டி வைத்ததுதானே?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். பிரித்துக் கொட்டியது உண்மைதானே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்க முடிகிறது ஐயா, பரிமாறுகிறவன் கொஞ்சம் கௌரவமானவனாக இருந்தால் போதும். கலவையில் துத்தம் பத்து மடங்குக்கு மேல் இருப்பதாக முடிவு வந்தது. பொட்டலம் நிறுத்தது திரு. சுப்புராஜ் என்பதற்கு அவருடைய பதிவேடே சாட்சி ஆனது.

14. பார்வை 1-இல் கண்ட என் புகாரில் ஓர் ஓட்டை உண்டு. குட்டிகள் சாகும்வரை பொட்டலத்தில் துத்தமே இல்லை என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். செத்த பிறகு பொட்டலத்தில் துத்தம் அளவுக்கு மேல் இருந்தது என்று எழுதியவனும் நான். ஒரே வாய், இரண்டு பேச்சு. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. புஷ்பமேரிக்கோ அண்ணன் போட்டதில் தப்பிருக்கும் என்று தோன்றவே இல்லை. கேட்டிருக்கக்கூடியவர் திருமலைச்சாமி ஒருவர்தான். அவரைத்தான் முன்கூட்டியே ஜால்ரா என்று சொல்லி வாயடைத்திருந்தேனே. அதே பொட்டலங்களைத் தின்ற அவருடைய ஆறு குட்டிகளும் இன்று கொழுகொழு என்று இருக்கின்றன. என் புகாரில் "மூன்று குடும்பங்கள்" என்று எழுத வேண்டிய இடத்தில் "பாதிக்கப்பட்ட இரு குடும்பங்கள்" என்று எழுதி அவரை அப்படியே விட்டுவிட்டேன். புஷ்பமேரியிடம் மனுவை நீட்டி ரேகை வாங்கினேன். வாசித்துக் காட்டவில்லை.

15. நான் ஏன் இப்படிச் செய்தேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சிறைக்குப் பயந்தா? இல்லை. நஷ்டத்துக்குப் பயந்தா? அதுவும் இல்லை. "மேஸ்திரிக்கே துத்தம் அளக்கத் தெரியல" என்று ஒருவன் சொல்லிவிடுவானே என்று பயந்தேன். அவ்வளவுதான். இதற்காக ஒரு மனிதருடைய வேலையைத் தின்றேன்.

16. இனி, இந்த மனுவை இப்போது எழுதக் காரணம். சென்ற 30-8-1987, ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், திரு. சுப்புராஜ் வத்தலக்குண்டு பஸ்ஸில் வந்து என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். உண்மை தெரிந்து சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். எனக்கு வாய் இருக்கிறது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். அந்தத் தராசு பழசு. அன்னைக்கு எனக்குக் காய்ச்சலும் இருந்துச்சு. எங் கைதான் தப்பா அளந்திருக்கணும். உங்க மாதிரி பெரியவங்க பொய்யா எழுதப் போறீங்க? வீட்டுல உப்ப வச்சுத் தினமும் நிறுத்து நிறுத்துப் பாக்கேன், சரியாத்தான் வருது. அன்னைக்கு மட்டும் என்ன ஆச்சுன்னு தெரியல. பத்தாம் தேதி விசாரணையில எந் தப்புன்னு எழுதிக் குடுத்துரப் போறேன். அதுக்கு முன்னால உங்ககிட்டயும் அந்தம்மா கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்னு வந்தேன்" என்றார்.

17. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பழி சுமந்தவரே பாவத்தையும் தன்னுடையது என்று நம்பி, பஸ் ஏறி வந்து, செய்தவனிடம் மன்னிப்புக் கேட்பதை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. அப்போதாவது நான் சொன்னேனா? சொல்லவில்லை ஐயா. "போகட்டும் விடுங்க தம்பி, மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும்" என்றேன். பெரிய மனதோடு மன்னித்தேன். இதை எழுதும்போது என் முகத்தில் நானே உமிழ்ந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அவர் அடுத்து புஷ்பமேரி வீட்டுப் பக்கம் போனார். ஐந்து நிமிடத்தில் தலையைக் குனிந்துகொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போவதைப் பார்த்தேன்.

18. என் மனைவி ஜோசப்பினுக்கு எல்லாம் தெரியும். கத்தி சிவந்ததைக் காட்டியதே அவளிடம்தானே. இத்தனை நாள் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, "அந்த மனுசன் மூஞ்சியப் பாத்த பெறகும் ஒங்களுக்குச் சோறு எறங்குதுன்னா, இனிமே நீங்களே போட்டுத் தின்னுக்கிடுங்க" என்றாள். எழுந்து போய்விட்டாள். நான் தட்டின் முன்னால் உட்கார்ந்தே இருந்தேன். அப்புறம் எழுந்து காகிதத்தை எடுத்தேன். அன்றிலிருந்து நாலு நாளில் ஏழு தாள் கிழித்தேன். ஊருக்கெல்லாம் ஒரே மூச்சில் மனு எழுதுகிறவனுக்குத் தன் குற்றத்தை எழுத ஏழு தாள் வீணாயிற்று.

19. நேற்று திருமலைச்சாமி வீட்டுப் படியேறினேன். நடந்ததைச் சொன்னேன். "எனக்கு அப்பவே சம்சயம்தான். ஆனா ஊரு ஒங்க பக்கம் நின்னுச்சு, நான் என்னத்தச் சொல்ல? இப்பவாச்சும் வந்தீங்களே" என்றார். அவரிடம் திரு. சுப்புராஜ் கொடுத்த பொட்டலங்களில் இரண்டு பிரிக்காமல் இருக்கின்றன. அவர் கையெழுத்தும் தேதியும் ஒட்டிய பசையும் அப்படியே இருக்கின்றன. அவற்றை நான் வாங்கவில்லை. என் கை பட்டால் அதற்கு மதிப்புப் போய்விடும். திருமலைச்சாமியே 10-ஆம் தேதி விசாரணைக்கு நேரில் கொண்டுவந்து தங்கள் மேசையில் வைப்பார். அதைச் சோதித்தால், பத்துக் கிராமுக்கு மேல் ஒரு சிட்டிகையும் இராது, குறையவும் இராது. அதற்கு நான் ஜாமீன். என் ஜாமீன் இனிச் செல்லாது என்றால் தராசு ஜாமீன்.

20. பின்பு புஷ்பமேரி வீட்டுக்குப் போனேன். இந்த மனுவை முழுவதும் வாசித்துக் காட்டினேன். 11-ஆவது பத்திக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். அவர் "படிங்க" என்றார். படித்தேன். மீதியிருக்கும் என் இரண்டு குட்டிகளையும் அவரே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். அவர் என் கொட்டிலுக்கு வந்து, இரண்டையும் ஓட்டிக்கொண்டு போனார்.

21. ஆகவே, ஐயா அவர்கள் கருணை கூர்ந்து,

(அ) பார்வை 1-இல் கண்ட என் புகாரைப் பொய்ப் புகார் என்று தள்ளி, திரு. சுப்புராஜ் அவர்களை உடனே வேலையில் சேர்த்துக்கொள்ளுமாறும்;

(ஆ) 10-ஆம் தேதி அவர் தன் தவறு என்று எழுதிக் கொடுத்தாலும், அதைத் தாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டாம் என்றும்; அவர் கை தப்பவில்லை, தராசும் தப்பவில்லை என்று தாங்களே அவரிடம் வாயால் சொல்லிவிடுமாறும், ஏனென்றால் நான் சொன்னால் அந்த மனிதர் இன்னமும் நம்பமாட்டார்;

(இ) பொய்ப் புகார் கொடுத்ததற்கும் விசாரணையில் உண்மையை மறைத்ததற்கும் என் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்குமாறும்; வயதைக் காரணம் காட்டி நான் விடுதலை கேட்கமாட்டேன்;

(ஈ) அடுத்த முறை குட்டி கொடுக்கும்போது புஷ்பமேரியின் பெயரை முதலில் எழுதுமாறும்

பணிந்து கேட்டுக்கொள்கிறேன். 10-ஆம் தேதி காலை நானும் தங்கள் அலுவலகத்துக்கு வருவேன். உள்ளே கூப்பிடும்வரை வெளியே நிற்பேன்.

இதில் எழுதியவை அனைத்தும் நான் செய்தவை.

அ. பரமானந்தம்
(கையொப்பம்)

இடம்: பெரும்பாறை
நாள்: 3-9-1987

இம்மனுவோடு சேர்க்கச் சொல்லி புஷ்பமேரி சொன்னது. சொன்னபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதப்பட்டது:

"நான் புஷ்பமேரி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன மனுவுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டப்ப, ஒனக்கு நல்லதுதான் தாயின்னாரு. ரேகை வச்சேன். இந்த மனுவ ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டேன். சுப்புராஜ் ஐயா மேல நான் வச்ச ரேகைய எடுத்துருங்க. அந்த மனுசன் போன ஞாயித்துக்கிழம எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு நின்னாரு. நான் அவரு மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்துனேன். அவரு வேலைக்கு வந்ததும் எங்க ஊருக்கு ஒரு தடவ வரச் சொல்லுங்க, நான் கதவத் தொறக்கணும். பரமானந்தண்ணன நான் மன்னிக்கல. அதையும் எழுதுங்கன்னேன். எழுதுனேன்னாரு. எழுதுனாரான்னு கீழ்த்தெருவுல போயி திருமலைச்சாமியண்ணன வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் இந்த ரேகைய வைக்கேன்."

புஷ்பமேரி
(இடது பெருவிரல் ரேகை)

வாசித்துக் காட்டினேன். எழுதியிருக்கிறது.
திருமலைச்சாமி
(கையொப்பம்)